ஒன்பது வாட்

பிப்ரவரி 3, காலை 5.50. பதினோரு உருப்படி.

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே இருப்பது லாரியில் ஏற்றிய நேரமும் பெட்டிக் கணக்கும். பதினொன்றில் ஒன்று குறைந்தாலும் டிரைவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே. அத்தான் பக்கத்தில் இருந்தால் "பரவாயில்ல விடுங்க" என்பார். அந்த நேரத்தில் அவரை வேறு எங்கேயாவது அனுப்பிவிடு.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். அதனால் முதுகுவலி எப்படி என்று நேராகவே கேட்கிறேன்.

நாற்றுப்பண்ணைக்குக் கம்பம் எப்போ வரும், கம்பி எப்போ வரும் என்று மின்சார ஆபீஸுக்கு அலைந்தது போதும். கம்பி வராத வீட்டுக்கு வெயில் வருகிறது. அது போதும். அங்கே போனில் சிக்னலும் கிடையாது என்பதால் எல்லாவற்றையும் எழுதியே தொலைக்க வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி. எனக்குத்தான் பொறுமை கிடையாது, உனக்கு உண்டு.

வீட்டுக்கு நாலு ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள். சோலார் பேனல் சம்பாதிக்கிறவன். வெயில் இருக்கும்வரை சம்பாதிப்பான். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பேட்டரி சேர்த்து வைக்கிறவன். அவனிடம் பாதிக்கு மேல் பிடுங்கினால் ஆயுள் குறையும். இரண்டு பேருக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒரு கறார் பேர்வழி. பேட்டரி நிரம்பினால் "போதும்" என்பான், காலியாகப் போனால் பல்பையெல்லாம் அணைத்துவிடுவான். பச்சை விளக்கு என்றால் சந்தோஷம், சிவப்பு என்றால் கோபம். நாலாவது ஆள் இன்வெர்ட்டர். பேட்டரி பேசுவது மிக்சிக்குப் புரியாது. இவன் மாற்றிச் சொல்வான். சும்மா சொல்லமாட்டான், கமிஷன் எடுப்பான். மிக்சி ஓடும்போது மட்டும் அவனை எழுப்பு, முடிந்ததும் அணைத்துவிடு. பல்பும் ஃபேனும் அவன் தயவு இல்லாமல் பேட்டரியிலேயே ஓடுகிற வகை.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது தலைகீழ். அத்தானிடம் இதை மூன்று தடவை சொல். பேட்டரியிலிருந்து கிளம்பும் கம்பியில் ஃபியூஸ் இல்லாமல் எதையும் இணைக்கக் கூடாது. பேட்டரி காற்றோட்டமான இடத்தில் இருக்கணும்.

பல்பை அணைக்க மறந்தால் பதறாதே. ஒன்பது வாட். எறும்பு கடித்தது மாதிரி. பேட்டரிக்குத் தெரியக்கூடத் தெரியாது. யானை எது என்றால், பழைய வகை ஃபேன், மோட்டார், இஸ்திரிப் பெட்டி. அதெல்லாம் உள்ளே வரக் கூடாது.

கடைசியாக ஒன்று. இது உனக்கும் அத்தானுக்கும் என்று அளந்து செய்தது. அப்பா அங்கே வந்து தங்குவதாக இருந்தால் எழுதிவிடு. கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கமாட்டேன். ஆனால் நான் அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன். நாலு வருஷமாகச் சொல்வதுதான். அவர் இல்லையென்றால் ஆகஸ்டில் பத்து நாள் லீவு, நேராக உன்னிடம்தான்.

முதுகை நிமிர்த்தி உட்கார்.
தம்பி

*

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே சுகம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கு.

பதினொன்றும் வந்துச்சு. உன் கடிதத்தைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே அத்தானை வேலை வாங்கினேன். "முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல்"னு மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவை, "ஏம்மா, எனக்குக் காது கேக்குது. உன் தம்பிக்குத்தான் நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி எழுத வருது"ன்னார். ஆனா சொன்னபடியே செஞ்சார். பேனலைக் கூரையில ஏத்த பண்ணையில வேலை செய்யுற ரெண்டு பேர் வந்தாங்க.

சாயங்காலம் முதல் பல்பு எரிஞ்சப்போ அத்தான் கை தட்டிட்டார். நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும் கொசு அடிச்ச மாதிரி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொசு ஒண்ணும் இல்ல.

இனிமே விடியக்காலம் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு வேன்ல நாத்துத் தட்டு ஏத்த வேண்டியதில்ல. இதுக்கு உனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அதனால ஒண்ணும் சொல்லல.

கிழக்கு அறையைக் காலி பண்ணி உனக்குன்னு வச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்தா நாத்து வரிசை கடைசி வரைக்கும் தெரியும். ஆகஸ்ட்ல வரணும். அம்மா போனதுக்கு அப்புறம் நீ என் வீட்டுல ஒரு ராத்திரி தங்கினதில்ல. சாக்குச் சொன்னா நானே கிளம்பி வந்து உன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்.

அன்புடன்
அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எர்த் கம்பி பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. புதைத்தாரா இல்லையா? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சுருட்டி மூலையில் வைத்திருப்பார். இன்றைக்கே புதைக்கச் சொல். பேனலை வாரம் ஒரு தடவை துடைக்கணும், பண்ணைப் புழுதி சும்மா விடாது.

இங்கே நாங்கள் ஒரு பொட்டல் வெளி முழுக்கப் பேனல் அடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஒரு நகரத்துக்கே வெளிச்சம் கொடுக்கப்போகிறதாம். எங்கள் ஆறு பேருக்குக் கொடுத்திருக்கும் கன்டெய்னர் அறையில் ஒரே ஒரு பல்பு, அதுவும் கண் சிமிட்டுகிறது. புகார் கொடுத்தேன். "நீங்கதான சார் எலெக்ட்ரிகல்" என்கிறார்கள்.

ஆகஸ்ட் உறுதி.
தம்பி

*

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். பதில் எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. விதைப்பு நேரம். எர்த் கம்பி புதைச்சாச்சு. மூலையிலதான் இருந்துச்சு, உனக்கு எப்படித் தெரியும்?

இப்போ ஒரு கஷ்டம். பத்து நாளா விடியறதுக்கு முன்னாடி பல்பெல்லாம் அணைஞ்சுபோகுது. போய்ப் பார்த்தா சிவப்பு விளக்கு. இன்வெர்ட்டரும் கீ கீன்னு கத்துது. சரியா நாங்க வேன் ஏத்துற நேரம். போன வாரம் இருட்டுல அத்தான் மிளகாய் நாத்துக்குப் பதிலா கத்தரி நாத்தை ஏத்திட்டுப் போயிட்டார். வாங்கினவர் நட்டு முடிச்சுட்டு வந்து நின்னார். "மிளகா கேட்டேன், கத்தரி குடுத்திருக்கீங்க. இதை ஊறுகாயா போட முடியும்?" அத்தான் சொல்றார், "ரெண்டும் ஒரே குடும்பம்தாங்க." அந்த வாடிக்கை போச்சு. இன்னும் ரெண்டு பேர் போனா பண்ணை தாங்காது.

என்ன பண்ணணும்னு எழுது. வேற விசேஷம் ஒண்ணுமில்ல.

அன்புடன்
அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் பேட்டரி சுகமில்லை.

இரண்டு மாதத்தில் பேட்டரி இப்படிப் போகாது. ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது, ஊகமாக எழுதாதே. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? குறைந்தால் பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீர்தான் ஊற்றணும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நான் மனிதனாக இருக்கமாட்டேன். பேனல்மேல் எந்தக் கிளையின் நிழலாவது விழுகிறதா? கம்பி இணைப்பு எதுவும் தொட்டால் சுடுகிறதா? பகலில் பச்சை விளக்கு எத்தனை மணிக்கு வருகிறது?

வீட்டில் என்னென்ன, எந்த நேரத்தில் ஓடுகிறது என்றும் எழுது. ஒன்றும் விடாமல்.

அத்தானிடம் சொல், மிளகாயும் கத்தரியும் ஒரே குடும்பம் என்பது சரிதான். ஆனால் மிளகாய்க்குப் பதில் கத்தரியை அவரைத் தவிர வேறு யாரும் வாங்கமாட்டார்கள்.
தம்பி

*

மே 8

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நீ கேட்டதெல்லாம் பார்த்தாச்சு. முனையில பூக்கல. தண்ணி கோட்டுல நிக்குது. நிழல் இல்ல, கம்பி சுடல. பேனல் கண்ணாடி மாதிரி இருக்கு. தினமும் துடைக்கிறோம். பச்சை விளக்கு வெயில் சாயுற நேரத்துல வருது, மேகம் போட்டா அதுவும் வரதில்ல.

ஓடுறது இவ்வளவுதான்: நாலு பல்பு, படுக்கை அறையில நீ அனுப்பின ஃபேன், பகல்ல கொஞ்ச நேரம் மிக்சி, ரேடியோ.

அத்தானுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் ஒரு பக்கம் பந்து மாதிரி ஆயிடுச்சு. பல்லைப் பிடுங்கினா பேச முடியாதான்னு டாக்டரைக் கேட்டேன். ரெண்டு நாளைக்குன்னார். ரெண்டு நாள் வீடு அமைதியா இருந்துச்சு. செம்பருத்தி ஒட்டுக் கட்டினது எல்லாம் பிடிச்சுக்கிச்சு. நீ வர்றப்போ பூத்திருக்கும்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டியா?

அன்புடன்
அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

லீவுக்கு எழுதியாச்சு. அத்தானின் பல்லுக்கு வருத்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய பட்டியல்படி ராத்திரி முழுக்க ஓடினாலும் பேட்டரியில் கால் பங்கு குறையும், அவ்வளவுதான். உன் வீட்டில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. தினமும் பேனலைத் துடைக்கிற வீடு நான் இதுவரை பார்த்ததில்லை, எங்கள் தளத்திலேயே கிடையாது. சம்பாத்தியத்தில் குறையே இல்லை. செலவில்தான் ஓட்டை.

இன்னொன்று. பல்பு அணைகிற நேரத்தில் இன்வெர்ட்டர் கத்துகிறது என்று போன மாதம் எழுதினாய். இன்வெர்ட்டர் மிக்சிக்கு மட்டும்தானே? விடியற்காலை யார் அங்கே மிக்சி ஓட்டுகிறார்கள்? யாரோ ராத்திரி முழுக்க அதை எழுப்பி வைத்திருக்கிறார்கள். கழித்துப் பார்த்தால் அறுபது வாட் ஓடுகிறது. பழைய டேபிள் ஃபேன் ஒன்று அவ்வளவு தின்னும். பேய் என்று சொல்லாதே, பேய்க்கு ஃபேன் தேவைப்படாது.

இந்தப் பகுதி அத்தானுக்கு. அத்தான், அக்கா எதையோ விழுங்குகிறாள். நீங்கள் ராத்திரியில் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, என்ன எரிகிறது, என்ன ஓடுகிறது என்று எனக்கு எழுத வேண்டும். அக்காவிடம் காட்டாமல் எழுதினால் நல்லது.
தம்பி

*

ஜூன் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், அங்கே எப்படி. பல் போன இடத்தில் நாக்கு போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி சௌகரியம்.

காட்டாமல் எழுதச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தைப் பிரிப்பதே அவள்தான், நீங்கள் இதை யோசித்திருக்கலாம். "எழுதுங்க, ஆனா நான் எழுதாதீங்கன்னு சொன்னதை எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டாள். முப்பது தட்டு நாற்றை விடியறதுக்குள் கட்டிவிடுவேன், இந்த மாதிரி ஒரு கடிதம் எழுதினதில்லை.

சரி. முதல் நாள் இரண்டு மணிக்கு எழுந்தேன். விளக்கு எதுவும் இல்லை. இன்வெர்ட்டர் ஆனில் இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு எழுந்தேன். கிழக்கு அறையில் பல்பு எரிந்தது. அதற்கு அடுத்த நாளும் மூன்று மணி, பல்பு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை மாப்பிள்ளை, கடிகாரத்தை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

நான் மணியை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

இப்படிக்கு
அத்தான்

*

ஜூன் 8

அக்காவுக்கு,

அத்தானுக்கு என் நன்றியைச் சொல். உன்னைவிட அவர் நேர்மையானவர்.

மூன்று மணிக்கு எழுந்து லைட் போடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். ஒற்றை அறை வீட்டில் பதினெட்டு வருஷம் அந்த லைட் என் மூஞ்சியில்தான் அடித்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் சட்டை மாட்டுவதையும் செருப்பைத் தேடுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பேக்கரி அடுப்புக்கு நாலு மணிக்கு நெருப்பு வைக்கணும், உலகமே அதில்தான் ஓடுகிறது.

உனக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது. நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மா போன அன்றும் மூன்று மணிக்கு எழுந்தார். லைட் போட்டார். அம்மா மூச்சு விடமுடியாமல் படுத்திருந்தாள். ஒரு தடவை அவளைப் பார்த்தார். லைட்டை அணைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவள் ஐந்தரை மணிக்குப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தன். ஏழு மணிக்கு மாவுக் கையோடு வந்து வாசலில் நின்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

எனக்கென்று வைத்த கிழக்கு அறையில் அவரை வைத்திருக்கிறாய். சந்தோஷம். எழுதியிருந்தால் ஆகஸ்டுக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பேன்.

பேட்டரி விஷயம். விடியற்காலையில் பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் எரிகிற பல்புதான் அதைக் கொல்கிறது. மூன்று மணிக்கு யாரும் லைட் போடக் கூடாது. போட்டால் ஒரு வருஷத்தில் பேட்டரி குப்பை. இது டெக்னிகல் விஷயம், இதில் பேச்சுக்கு இடமில்லை.

உன் முதுகைப் பார்த்துக்கொள்.
தம்பி

*

ஜூலை 13

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உடம்பு எப்படி? இங்கே எல்லாருக்கும் சுகம்.

பேட்டரி சரியாயிடுச்சு. விடியக்காலம் பல்பு அணையறதில்ல. சிவப்பு விளக்கைப் பார்த்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. பச்சை விளக்கு மத்தியானமே வந்துடுது. மிளகாய் மிளகாயாப் போகுது, கத்தரி கத்தரியாப் போகுது. நீ சொன்னபடி மூணு மணிக்கு யாரும் லைட் போடறதில்ல.

இதோட நிறுத்தலாம்னுதான் போன மாசம் முழுக்க நினைச்சுக்கிட்டிருந்தேன். முடியல.

அப்பா மார்ச் கடைசியில வந்தார். பேக்கரியை இடிச்சுட்டாங்க, வீட்டு வாடகை கட்ட வழியில்ல. வேன்ல இருந்து இறங்கும்போது ஒரு கையில பை, இன்னொரு கையில அந்தப் பழைய டேபிள் ஃபேன். உனக்கு ஞாபகம் இருக்கும், கழுத்தைத் திருப்பும்போது டக்குனு ஒரு சத்தம் போடும். அதைத்தான் ராத்திரி ஓட்டிக்கிட்டிருந்தார். நீ கழிச்சுப் பார்த்தது சரி. உனக்கு எழுதினா நீ வரமாட்டே. எழுதலைன்னா ஆகஸ்ட் வரைக்கும் தள்ளலாம், வந்து நின்னதுக்கு அப்புறம் உன்னால திரும்பிப் போக முடியாதுன்னு நினைச்சேன். அசட்டுத்தனம்தான். உன் பேட்டரி என்னைக் காட்டிக் குடுக்கும்னு யோசிக்கல.

உன் ஜூன் கடிதத்தைத் தபாலாபீஸ்ல இருந்து வாங்கிட்டு வந்ததே அவர்தான். அத்தானோட வேன்ல போயிருந்தார். கையெழுத்தைப் பார்த்துட்டு, "சின்னவன் எழுதியிருக்கான். படிம்மா, நானும் கேக்கறேன்"னு எதிர்ல உட்கார்ந்துட்டார். நான் என்ன செய்யறது? முதல் பக்கத்தை மடிச்சு உள்ளே வச்சுட்டு, பேட்டரி விஷயத்தை மட்டும் படிச்சேன்.

என் கையில இருந்த கடிதத்தையே பார்த்தார். அப்புறம், "நான்தான் எரிச்சுட்டேனா?"ன்னார்.

"இல்லப்பா, அது வேற"ன்னேன்.

"வேறயா இருந்தா எழுதுவானா? படிச்சவன். அவனுக்குத் தெரியாதா?"

அன்னையிலிருந்து லைட் போடறதில்ல. ஃபேனையும் நிறுத்திட்டார். "பல்பே ஆகாதுன்னா இது எப்படிம்மா ஆகும்?"னு கேட்டு, ஒயரைச் சுத்திப் பைக்குள்ள வச்சுட்டார். இந்தப் புழுக்கத்துல. ஆனா தூக்கம் மூணு மணிக்குக் கலைஞ்சுதான் போகுது. ஒரு நாள் தண்ணி குடிக்க எழுந்தேன். கிழக்கு அறையில கட்டில் ஓரத்துல, இருட்டுல, முழங்கால் மேல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு.

"ஏம்ப்பா இப்படி உட்கார்ந்திருக்கே? அடுப்பா காத்துக்கிட்டிருக்கு? படேன்."

"படுக்க முடியலம்மா. நீ போ. வெளிச்சம் வந்துரும்."

வெளிச்சம் வந்ததும் ஏணி வச்சு ஏறி உன் பேனலைத் துடைப்பார். தினமும் துடைக்கிறோம்னு எழுதினேனே, அது அவர்தான். ஏறாதேன்னா கேக்கறதில்ல. பேக்கரித் தட்டைத் துடைக்கிற மாதிரி, மூலையிலிருந்து மூலைக்கு. வந்த புதுசுல என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "இதுல சின்னவன் தன் கையால செஞ்சது எது?" ஃபியூஸ் எல்லாம் அடுக்கின அந்த மரப்பலகையைக் காட்டினேன். தொடல. பின்னால கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தார்.

இப்போ நான் உன்னைக் கேக்கறேன் இன்ஜினியரே. உன் பிப்ரவரி கடிதம் இப்போ என் மடியில இருக்கு. பல்பு எறும்பு கடிச்ச மாதிரி, பேட்டரிக்குத் தெரியக்கூடத் தெரியாதுன்னு உன் கைப்பட எழுதியிருக்கே. ஜூன்ல அதே பல்பு பேட்டரியைக் கொல்லுதுங்கறே. ரெண்டுல எது பொய்?

அம்மா போன அன்னைக்கு அவர் ஏன் போனார்னு எனக்கும் தெரியாது. அவர் பக்கம் பேச வரல. போயிருக்கக் கூடாதுதான். ஆனா ஒரு பேட்டரி கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி என்னை எத்தனை இடத்தைத் தொட்டுப் பார்க்க வச்சே? முனையைப் பாரு, தண்ணியைப் பாரு, நிழலைப் பாரு, ஊகமா எழுதாதே. அவர்கிட்ட நீ ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. நானும் கேக்கல. எனக்குப் பயம். உனக்கு என்ன?

செம்பருத்தி மொட்டு விட்டிருக்கு. மடிச்சு வச்ச பக்கத்தை அவருக்கு நான் படிக்கமாட்டேன். அதை நீ வந்து சொல்லு, இல்லேன்னா சொல்லாமலே இரு.

அன்புடன்
அக்கா

*

ஜூலை 23, விடியற்காலை 3.00. எரியும் பல்பு ஒன்று.

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே இருப்பது எங்கள் கன்டெய்னர் அறையின் நிலவரம். மணி மூன்றுக்கு எழுந்து, இருட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு. பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. லைட்டைப் போட்டேன். "டேய், எவன்டா அது! மனுசன் தூங்க வேணாமா?" என்று மேல் கட்டிலிலிருந்து ஒரு தலையணை வந்து விழுந்தது. போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டான். அப்படியே என்னைப் போல இருந்தது. பேசாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் எழுதியதுதான் பொய்.

பல்பு பேட்டரியைக் கொல்லவில்லை. ஒன்பது வாட் பல்பை மூன்று மணியிலிருந்து விடியும்வரை எரித்தாலும் அந்தப் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. தின்றது டேபிள் ஃபேன். மே மாதமே எனக்குத் தெரியும், நானே எழுதியும் இருந்தேன். அத்தான் கடிதத்தில் மூன்று மணி என்று படித்ததும் ஃபேன் மறந்துபோய்விட்டது. மறந்தது என்பதும் சரியில்லை. எனக்கு அந்த லைட்டை அணைக்கணும் போல இருந்தது. டெக்னிகல் விஷயம் என்று எழுதினால் யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். இந்த வேலைக்கு வந்த பிறகு தெரிந்தே தப்பான ரீடிங் நான் எழுதியது அந்த ஒரு இடத்தில்தான். அதை நம்பி ஒருத்தர் ஒரு மாதமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். படிச்சவன், அவனுக்குத் தெரியாதா என்று கேட்டாராமே. தெரியும்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது இருக்கிறது. ஆனால் நீ கேட்டது நியாயம். நான் அவரிடம் கேட்டதில்லை. என்ன பதில் வந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான்.

உன் முதுகுக்கு இங்கே ஒரு பெல்ட் விற்கிறார்கள், இடுப்பளவு எழுது. அத்தானிடம் சொல், நாக்கைப் பல் இருந்த இடத்துக்கு அனுப்பாமல் இருக்க ஒரே வழி பேசிக்கொண்டே இருப்பது. அதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டியதில்லை.

இனி செய்யப்போவது:

1. லீவு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 9 சாயங்காலம் வந்து சேருவேன். கிழக்கு அறை எனக்கு வேண்டாம், கூடத்தில் படுத்துக்கொள்வேன்.

2. இதே மாதிரி இன்னொரு பேட்டரி கொண்டுவருவேன். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கக் கூடாது என்பார்கள். ஆறு மாதப் பேட்டரி என்றால் ஒத்துப்போகும்.

3. கிழக்கு அறையில், இன்வெர்ட்டர் இல்லாமல் நேராகப் பேட்டரியில் ஓடுகிற ஃபேன் ஒன்று மாட்டுவேன். டேபிள் ஃபேனைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். பையிலேயே இருக்கட்டும்.

4. கூரைக்குக் கைப்பிடி வைத்த இரும்பு ஏணி அடித்துத் தருவேன். அதுவரை கீழே நின்று நீண்ட கம்பில் துணி கட்டித் துடைக்கச் சொல். வயசுக்கு ஏற்ற வேலையா அது?

5. பல்பு கொல்லவில்லை என்று எழுதியிருக்கும் மூன்றாவது பேராவை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. இந்தத் தடவை எதையும் மடித்து வைக்காதே. இன்று ராத்திரியே லைட் போடச் சொல். சின்னவன் சொன்னான் என்று சொல்.

6. வந்த அன்று அவரிடம் பேசமாட்டேன். எனக்கு உடனே வராது, வற்புறுத்தாதே.

7. மறுநாள் மூன்று மணிக்கு நானும் எழுந்திருப்பேன். கிழக்கு அறை லைட்டை நானே போடுவேன். அன்றைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்பேன். அவர் சொல்லும்வரை எரியட்டும். ஒன்பது வாட்தான்.

தம்பி